ஊசிக்கு முன் பதினாறு நாள்: தண்டையார்பேட்டை கிளினிக் ஒன்றில் நடந்த பரிசோதனை

எடை குறைக்கும் ஊசி வேண்டும் என்று தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு பொதுநல மருத்துவரின் கிளினிக்குக்குச் சென்ற மாதம் போனேன். முதல் நாளே சீட்டு எழுதித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். மூன்று முறை போய் வந்து, பதினாறாம் நாள்தான் அது கையில் கிடைத்தது. அந்தப் பதினாறு நாளில் அங்கே பார்த்த வேலை எனக்கு முழுத் திருப்தி அளித்ததால் விவரமாக எழுதுகிறேன்.

என் வயது 46, உயரம் 157 செ.மீ., எடை 86 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உண்டு. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற ஊசியும் அதே ஆண்டு ஜூனில் வீகோவி என்ற ஊசியும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபின், எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இந்த ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நானும் முதலில் ஓர் எடைக்குறைப்பு நிலையத்துக்குத்தான் போனேன். பத்து நிமிடத்தில் எடை பார்த்து, முன்பணம் கேட்டு, ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அதிலிருந்த எல்லாக் கேள்விகளுக்கும் நேரே ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போடப்பட்டிருந்தது. குடும்பத்தில் யாருக்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்ற கேள்விக்கும் அப்படியே. என் தாய்க்கு 2009இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை டாக்டரம்மா முதலில் கேட்டதே அதைத்தான்: “வீட்ல யாருக்காவது கழுத்துல ஆபரேஷன் ஆகியிருக்கா?” அம்மாவைப் பற்றிச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொள்ளும் சாதாரணத் தைராய்டு குறைபாடு இந்த ஊசிக்குத் தடை இல்லை என்றும், மெடுல்லரி என்ற ஒரு வகைப் புற்றுநோய் நமக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ வந்திருந்தால் ஊசியைத் தொடவே கூடாது என்றும் விளக்கினார். எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்து ஆராய்ந்தபோது தைராய்டில், மெடுல்லரி தொடங்கும் இடமான சி செல்களில் கட்டி உண்டானதாம். மனிதர்களுக்கு அப்படி வரும் என்று நிரூபிக்கப்படவில்லை என்றாலும், அமெரிக்காவில் இந்த மருந்துகளின் குறிப்புத் தாளில் அந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள். மெடுல்லரி வகையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பரம்பரையாக வருவது என்பதால்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்கிறார்கள்.

“எந்த வகைன்னு தெரியாதுன்னா நான் ஊசி எழுத மாட்டேன்மா. பழைய பேப்பரைத் தேடிக் கொண்டாங்க.”

அம்மா காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பீரோவை நானும் அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கலைத்துப் போட்டோம். பட்டுப் புடவைகளுக்கு அடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. அதற்குள் ரேஷன் கார்டு நகல்களோடு நான்காக மடித்த பயாப்சி அறிக்கை கிடைத்தது. மடிப்பில் மை கரைந்து இரண்டு வரிகள் அழிந்திருந்தன. முடிவு எழுதிய வரி மட்டும் தப்பியிருந்தது. டாக்டரம்மா அந்தத் தாளை விளக்கடியில் விரித்து, பேனா முனையை ஒரு சொல்லின் கீழ் வைத்துக் காட்டினார்: பாப்பிலரி. “இது வேற வகை. இது நம்ம ஊசிக்குத் தடை இல்ல” என்றார். அம்மாவின் நோய்க்கு முழுப் பெயர் என்ன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மற்றவை வேகமாக முடிந்தன. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரகம், கல்லீரல், கணையத்துக்கான லைப்பேஸ் ஆகியவற்றை ரத்தத்தில் பார்த்தார்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகக்கூடும் என்பதால், ஏற்கெனவே கல் இருக்கிறதா என்று அறிய வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரை சட்டென்று இறங்கினால் பழைய விழித்திரைப் பாதிப்பு கூடுவதுண்டு என்று சொல்லி, மூன்று ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்டிருந்த கண் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ஊசியோடு சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம் என்று நான் போடும் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்கள்.

துணைக்கு வந்த அண்ணன் மகளுக்குத் தை மாதம் திருமணம். 58 கிலோ எடையுள்ள அவள், “அத்தைக்கு எழுதுறப்போ எனக்கும் எழுதுங்களேன் டாக்டர்” என்று கேட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இந்த எடைக்கு ஊசி தேவையே இல்லை என்பதையும், வீகோவியில் உள்ள செமாக்ளுடைடு மருந்தைப் போடுபவர்கள் கருத்தரிக்க முயலும் முன் குறைந்தது இரண்டு மாதம் நிறுத்தியாக வேண்டும் என்பதையும், மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம் என்பதால் தொடங்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் நான்கு வாரம் வேறு வழி கைக்கொள்ள வேண்டும் என்பதையும் அவளுக்குத் தனியே பொறுமையாகச் சொன்னார். ஒரு நோயாளியை இழந்தாலும் பரவாயில்லை என்று ‘வேண்டாம்’ சொல்லும் மருத்துவரை நான் மனதார மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. மாலை ஆறு மணி டோக்கனுக்கு எட்டேகாலுக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். காத்திருக்கும் இடத்தில் ஆறே நாற்காலிகள், மூட்டுவலிக்காரர்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் தந்த எச்சரிக்கைத் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் கடும் வலியும் வாந்தியும் வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம், ஊசியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற மிக முக்கியமான வரி அதில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் இதைத் தமிழில் தராதது பெரிய குறை. அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன். மூன்று முறைக்கான கட்டணம் 1,500 ரூபாய். சோதனைகளின் செலவு தனி.

கடைசி நாளில் செவிலியர் ஊசியைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொன்னார். மின்சாரம் போனால் காசிமேட்டு மீன்காரர்கள் வழக்கப்படி நேரே ஐஸ் கட்டிமேல் வைத்துவிடக் கூடாது, ஒருமுறை உறைந்தால் அந்த மருந்தை வீசிவிட வேண்டியதுதான் என்று இரண்டு முறை சொன்னார். எந்த அறுவை சிகிச்சைக்கும் எண்டோஸ்கோபிக்கும் முன்னால், இந்த ஊசியால் வயிறு மெதுவாகக் காலியாகிறது என்பதை மயக்க மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் என் நோட்டில் எழுத வைத்தார். மவுன்ஜாரோவை 2.5 மில்லிகிராமில், வாரம் ஒன்றாக, நான்கு வாரத்துக்குத் தொடங்கியிருக்கிறேன். இது உடல் பழகுவதற்கான அளவுதான் என்பதால் ஐந்தாம் வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். போக நினைப்பவர்கள் ஐந்தரைக்கே டோக்கன் வாங்கிவிடுங்கள். வீட்டில் யாருக்காவது கழுத்தில் அறுவை நடந்திருந்தால், அதன் பயாப்சி அறிக்கையை முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். எனக்கு அதைத் தேடுவதிலேயே ஒரு வாரம் போனது.