பேச்சிப்பாறை அணை: ஒருநாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் வழியாகப் போனோம், மழை அப்போதுதான் விட்டிருந்தது, மலையெல்லாம் கழுவிவிட்ட மாதிரி பச்சை. திருவிதாங்கூர் அரசு 1906-ல் கட்டி முடித்த அணை, முழு நீர்மட்டம் 48 அடி. மேலே கோதையாறு மின்நிலையங்கள் இரண்டு, 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும். அங்கே டர்பைனைச் சுற்றிவிட்டு இறங்குகிற அதே தண்ணீர்தான் இங்கே தேங்கி, அப்புறம் கால்வாய் வழியாக நம்ம வயலுக்கு வருகிறது என்று மகளுக்குக் காட்டினேன், அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிய இன்ஜினியர் மிஞ்சினின் கல்லறையும் பக்கத்தில்தான், அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். குடை அவசியம். நேரமிருந்தால் மாத்தூர் தொட்டிப்பாலமும் போங்கள், பட்டணங்கால் என்ற கால்வாயின் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு மேலே அந்தரத்தில் ஓடுவதைப் பார்க்கலாம்.