காதுக்கு எது, கண்ணுக்கு எது: இலங்கையையும் கேரளத்தையும் பேசும் நான்கு ஆங்கில நாவல்களின் ஒலிநூல்கள்

பரிசு வாங்கிய நாவலென்றால் அதன் ஒலிநூலும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி, ஒலிநூல் சந்தாவில் நூல் வாங்கக் கிடைக்கும் கிரெடிட்டைச் செலவழிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு நாவல் காதில் நிற்குமா என்பதை விருது சொல்லாது. வாக்கியம் எவ்வளவு நீளம், வாசிப்பவரின் நாக்கு அந்த மண்ணின் பெயர்களுக்குப் பழகியதா, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். 2021 முதல் 2023 வரை வந்த நான்கு ஆங்கில நாவல்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நான்குமே தமிழ் வாசகருக்கு அக்கம்பக்கத்துக் கதைகள். மூன்று இலங்கையில் நடப்பவை. ஒன்று கேரளத்தில் தொடங்கி மெட்ராஸ் வரை வருவது.

முதலில் வாங்க வேண்டியது வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2023-இல் வெளியாகி, 2024-இல் பிரிட்டனின் பெண் எழுத்தாளர்களுக்கான புனைவுப் பரிசை வென்றது. 1981-இல் யாழ்ப்பாணத்தில் டாக்டராகும் கனவோடு படித்துக்கொண்டிருக்கும் பதினாறு வயது சசி, அவளுடைய நான்கு சகோதரர்கள், அக்கம்பக்கத்தில் வளரும் கே என்ற இளைஞன். யாழ் நூலக எரிப்பு, 83 ஜூலைக் கலவரம், ஆயுதப் போராட்ட இயக்கங்கள், இந்திய ராணுவம் என்று அந்தப் பத்தாண்டு வரலாறு முழுவதும் இந்த ஒரு வீட்டு வாசல் வழியாகவே உள்ளே வருகிறது. தொடக்கத்திலேயே ஒரு காட்சி: கொதிக்கும் வெந்நீரைச் சசி மேலே கொட்டிக்கொள்கிறாள். அலறல் கேட்டுச் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வரும் கே, முட்டைகளை உடைத்துக் காயத்தின் மேல் ஊற்றுகிறான். மருத்துவம் படிக்கப் போகும் இருவர். அவர்களில் ஒருவன் பிறகு எங்கே போய்ச் சேரப்போகிறான் என்பது தெரிந்த பின், அந்த முட்டைகளை மறக்க முடியாது.

ஒலிநூலை வாசித்திருப்பவர் நிர்மலா ராஜசிங்கம். 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவின் அக்கா. ராஜினி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர், போரின் எல்லாத் தரப்பு வன்முறையையும் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலாசிரியர்களில் ஒருவர். நாவலில் சசியின் ஆசிரியராக வரும் அஞ்சலியும் உடற்கூற்றியல்தான் கற்பிக்கிறாள். நடந்தவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று அவளும் பிடிவாதமாக நிற்கிறாள். யாருடைய நிழல் அது என்பது ஈழத்து வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கையின் சாயலுள்ள பாத்திரத்தை அக்காவின் குரலில் கேட்கும் வாய்ப்பு வேறெந்த ஒலிநூலிலும் கிடைக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே அச்சுப் பிரதி கையில் இருப்பவர்களும் இதைக் கேட்கலாம்.

பதினாறு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு முதிர்ந்த குரலா என்று சிலருக்கு முதல் அரை மணி நேரம் உறுத்தும். கதை சொல்லப்படுவது 2009-இல், நியூயார்க்கிலிருந்து, ஏறக்குறைய முப்பதாண்டு கழித்து என்பதை நினைவில் வைத்தால் உறுத்தல் போய்விடும். அம்மம்மா, அண்ணா என்று வரும் இடங்களிலும் ஊர்ப்பெயர்களிலும் நாக்கு எங்கும் இடறவில்லை. தொழில்முறைக் குரல் நடிகர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆண் பாத்திரங்களுக்குக் குரலில் அதிக வேறுபாடு காட்டப்படவில்லை. சகோதரர்கள் சேர்ந்து பேசும் இடங்களில் யார் பேசுவது என்று குழம்பலாம். மூத்தவன் நிரஞ்சன், அடுத்து தயாளன், பிறகு சீலன், சசிக்கு இளையவன் ஆரன் என்ற வரிசையை முதலிலேயே மனதில் பதித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். வேகத்தை 1.0-இலேயே வைத்துக் கேளுங்கள். சசி அடிக்கடி கதையை நிறுத்திவிட்டுக் கேட்பவரை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். அதற்கு முன்னும் பின்னும் விடப்படும் இடைவெளியில்தான் பாரமே இருக்கிறது. 1.25-க்கு ஏற்றினால் அது கரைந்துபோய், வெறும் செய்தி வாசிப்பாகிவிடும்.

ஆபிரகாம் வர்கீஸின் 'தி கவனென்ட் ஆஃப் வாட்டர்' (2023) வேறு மாதிரியான விவகாரம். அச்சில் 700 பக்கத்துக்கு மேல், ஒலியில் 31 மணி நேரத்துக்கு மேல். முழுவதையும் ஆசிரியரே வாசித்திருக்கிறார். எழுத்தாளர்கள் தங்கள் நாவலைத் தாங்களே வாசிப்பது பெரும்பாலும் விபரீதத்தில் முடியும். வரி அவர்களுக்கு மனப்பாடம் என்பதால் அழுத்தம் கொடுக்க மறந்துவிடுவார்கள். வர்கீஸ் அந்தப் பொறியில் விழவில்லை. மலையாள வீட்டுப் பேச்சு, ஸ்காட்லாந்து டாக்டர், சுவீடன் நாட்டு டாக்டர் எல்லோருக்கும் தனித்தனி உச்சரிப்பு வைத்து, நெடுந்தூரம் அதைக் காப்பாற்றவும் செய்கிறார். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதால் மெட்ராஸ் அத்தியாயங்களும் அந்நியமாக ஒலிக்கவில்லை.

கதை 1900-இல் தொடங்குகிறது. திருவிதாங்கூரில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை, நாற்பது வயதுள்ள, மனைவியை இழந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவள்தான் பிறகு பெரிய அம்மச்சி. தலைமுறைக்கு ஒருவராவது தண்ணீரில் மூழ்கி இறக்கும் குடும்பம் அது. அதன் காரணத்தைத் தேடியபடி நாவல் 1977 வரை போகிறது. அறுவைச் சிகிச்சை வரும் இடங்கள்தான் ஒலிநூலின் உச்சம். எந்த அடுக்கை வெட்டினால் எது தெரியும், ரத்தம் எங்கிருந்து கசியும் என்பதை ஒரு மருத்துவர் தன் வாயாலேயே நிதானமாகச் சொல்லும்போது, அச்சில் கண்ணை ஓட்டிவிடும் பத்திகூட நிறுத்திவைத்துக் கேட்க வைக்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்கின்றன என்ற விளக்கமும் அப்படித்தான்: நோய் உணர்ச்சி நரம்பைக் கொல்கிறது, சுட்டாலும் வெட்டினாலும் தெரியாததால் காயத்துக்கு மேல் காயம்பட்டு விரல் போகிறது.

பலர் இதைப் பாதியில் விடும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் பாகம் திடீரென்று 1919-ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் தொடங்குகிறது. தவறான கோப்பு ஓடுகிறதோ என்று சந்தேகம் வரும். அது டிக்பி என்ற டாக்டரின் கதை, அம்மச்சியின் குடும்பத்தோடு அது சேர வெகுதூரம் போக வேண்டும். அச்சில் முன்னால் புரட்டிப் பார்த்துச் சமாதானமாகலாம், ஒலியில் அதற்கு வழியில்லை. பத்துப் பாகங்கள் கொண்ட நாவல் இது. பாகம் முடியும் இடத்தில் நிறுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டால் இடறல் குறையும். செயலியின் தூக்க நேர அமைப்பில் 'அத்தியாய முடிவில்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 30 நிமிடம் என்று வைத்தால் வாக்கியத்தின் நடுவில் வெட்டும், மறுநாள் தொடங்கும் இடமும் தெரியாது.

நடுப்பகுதி இழுக்கிறது. தற்செயல்கள் அளவுக்கு மிஞ்சிப் போகின்றன, நல்லவர்கள் மிக நல்லவர்களாக இருக்கிறார்கள். ஒரே கிரெடிட்டில் 31 மணி நேரம் கிடைப்பதால் காசுக்கு நஷ்டமில்லை. கனடா, பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் வாசகர்கள் உள்ளூர் நூலக அட்டையை லிபி செயலியில் இணைத்து இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு எடுங்கள். 21 நாள் தவணை என்றால் நாளைக்கு ஒன்றரை மணி நேரம் கேட்க வேண்டும். 1.25 வேகத்தில் மொத்தம் சுமார் 25 மணி நேரமாகக் குறையும், நாளைக்கு ஒன்றேகால் மணிக்குள் முடியும். வர்கீஸின் நிதானமான வாசிப்பு அந்த வேகத்தைத் தாங்கும், கணேசானந்தனின் நாவல்தான் தாங்காது. பயணத்துக்கு முன் இறக்கி வைப்பவர்கள் போனில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி என்றால் முழு நூலும் 900 எம்பியைத் தொடும்.

இனி, கேட்கக் கூடாத நாவல். அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நார்த்' 2021-இல் புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. நான்கில் எழுத்துத் திறன் மிகுந்தது இதுதான், சந்தேகமே இல்லை. கொழும்பில் இருக்கும் கிருஷனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. பாட்டியைப் பார்த்துக்கொண்ட ராணி, ஊரில் கிணற்றில் விழுந்து இறந்துவிட்டாள். போரில் இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள் அவள். சாவுச் சடங்குக்காக அவன் வடக்கே ரயில் ஏறுகிறான். நிகழ்ச்சி அவ்வளவுதான். மீதியெல்லாம் அவன் மனம் போகும் போக்கு.

அந்தப் போக்கில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பத்தி பக்கக்கணக்கில் நீளும். மேற்கோள் குறிக்குள் வரும் உரையாடல் கிடையாது. குரலை மாற்றிக் காட்ட வாசிப்பவருக்கு இடமே இல்லாததால் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ஒரே சுருதிதான். கண்ணால் படிக்கும்போது வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் தானாகத் திரும்பிப் போய் எழுவாயைப் பிடித்துக்கொள்கிறோம். காதில் அது முடியாது. 30 விநாடி பின்னால் தட்டினாலும் அதே வாக்கியத்தின் நடுவில்தான் போய் விழுவோம். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டால் பத்து நிமிடத்தில் மனம் வேறெங்கோ போய்விடும். மனம் அலைவதைப் பற்றிய நாவலுக்கு அது பொருத்தம்தானே என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

தாளில் படித்தால் கிடைப்பது என்ன என்பதற்கு ஓர் இடம். பெரியபுராணத்துப் பூசலார் நாயனாரின் கதை நாவலுக்குள் வருகிறது. கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, நாள் பார்த்துக் கோயில் கட்டி முடித்தவர் அவர். நமக்குத் தெரிந்த கதைதான். போருக்குப் பின் வன்னி நிலத்தைத் தூரத்திலிருந்தே மனத்துக்குள் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்க்கும் ஒருவனின் யோசனைக்குள் அது வைக்கப்பட்டிருக்கும் விதம் புதிது. வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட போராளி குட்டிமணியின் கண்களைப் பற்றிய பக்கங்களும் இப்படித்தான். படித்துவிட்டு நூலை மடியில் வைத்துச் சும்மா இருக்கத் தோன்றும். ஒலிநூல் அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்.

எந்த ஒலிநூலையும் வாங்குமுன் இலவச முன்னோட்டத்தைக் கேட்பவர்கள் பெரும்பாலும் குரல் இனிமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். உரையாடல் வரும் வரை கேளுங்கள், ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் வரும் வரை கேளுங்கள். தமிழ் ஒலிநூல்களுக்கு இது இன்னும் கட்டாயம். கொங்கு வழக்கிலோ நாஞ்சில் வழக்கிலோ எழுதிய பேச்சைச் செய்தி அறிக்கை தோரணையில் வாசித்தால், முதல் உரையாடலிலேயே நாவல் செத்துவிடும். பின்னணியில் புல்லாங்குழல் ஓடினால் இன்னும் மோசம். இயர்போனில் கேட்பவருக்கு ஐந்தாவது நிமிடத்திலேயே தலைவலி.

கடைசியாக, காதுக்கும் கண்ணுக்கும் நடுவில் நிற்கும் நாவல்: ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா', 2022-இன் புக்கர் பரிசு. 2020-இல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் தி டெட்' என்ற பெயரில் வந்ததைத் திருத்தி எழுதியது. பழைய கடையில் அந்தப் பதிப்பு மலிவாகக் கிடைத்தால் இது வேறு நாவல் என்று ஏமாந்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். 1990-இல் கொழும்பில் ஒரு போர்ப் புகைப்படக்காரன் செத்துப்போய் ஆவியாக விழிக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்கவும், ஒளித்துவைத்த படங்களை நண்பர்களிடம் சேர்க்கவும் அவனுக்கு ஏழு இரவுகள்தான் அவகாசம்.

முழு நாவலும் 'நீ' என்ற முன்னிலையில் எழுதப்பட்டது. அச்சில் கொஞ்சம் வித்தையாகத் தெரியும் இந்த உத்தி, காதில் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. செத்தவன் நீதான் என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கமும் கிண்டலும் ஒலியில்தான் முழுதாக வருகின்றன. அச்சு தேவைப்படுவது ஆள்கூட்டத்துக்காக. அமைச்சர்கள், அடியாட்கள், உளவாளிகள், யக்கா என்னும் பேய்கள், அதற்கு மேல் ஜேவிபி, யுஎன்பி, எஸ்டிஎஃப், ஐபிகேஎஃப் என்று கட்சி, படைப் பெயர்களின் சுருக்கெழுத்து மழை. தொடக்கத்திலேயே வெளிநாட்டுக்காரனுக்கு மாலி எழுதிக் கொடுக்கும் விளக்கப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைக் காதால் கேட்டு ஒன்றும் மனதில் நிற்காது. மின்நூல் முன்னோட்டத்தில் அந்தப் பக்கம் வந்தால் போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது இரவு முடியும் வரை அது உதவும்.

பிள்ளைகள் பின்சீட்டில் இருக்கும்போது காரில் இதைப் போட வேண்டாம். வெட்டிய உடல்களைப் பேரை ஏரியில் அப்புறப்படுத்தும் ஆட்கள் தொடக்கத்திலேயே வந்துவிடுவார்கள், சித்திரவதைக் காட்சிகளும் உண்டு. அவசரமாக நிறுத்தும் பட்டன் ஸ்டியரிங்கில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மட்டும் முயன்று பார்க்கலாம்.