பக்கிளை எங்கே மாட்டுவது: சீட்டிலா, டனலிலா?

1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் உயரமானவர் உட்கார்ந்தால் தலை கூரையைத் தொடும். அதனால் பிரிட்டனில் பலர் அதன் சீட்டைக் கழற்றிவிட்டுத் தாழ்வான பக்கெட் சீட் (பக்கங்கள் உயர்ந்து உடலை அணைத்துப் பிடிக்கும் சீட்) போடுகிறார்கள். கழற்றிய பிறகுதான் சிக்கல் தெரியும். சீட் பெல்ட்டின் மற்ற முனைகள் காரின் உடலில் இருக்க, பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிள் மட்டும் பழைய சீட்டோடு வெளியே வந்துவிடும். அதற்குப் புது இடம் தேட வேண்டும்.

முதல் வழி, புது சீட்டின் பக்கவாட்டுச் சட்டத்திலேயே மாட்டுவது. சீட் முன்னே போனால் பக்கிளும் கூடவே போகும். பெல்ட் இடுப்பில் உட்காரும் கோணம் மாறாது. இதன் அருமை, காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டும் வீட்டில்தான் தெரியும். ஆனால் மோதலில் பக்கிள் தாங்கும் இழுப்பு முழுவதும் ஸ்லைடருக்கும் (சீட்டை முன்பின் நகர்த்தும் தண்டவாளம்) சீட் போல்ட்டுகளுக்கும் போகிறது. சீட் பெல்ட் பிடிப்புகளுக்கான ஐ.நா.வின் 14-ஆம் விதிமுறைச் சோதனையில் தோள்பட்டையிலும் இடுப்புப்பட்டையிலும் ஒரே நேரத்தில் தலா 1350 டெக்காநியூட்டன், அதாவது ஏறக்குறைய 1.38 டன் இழுப்பு கொடுப்பார்கள். பெல்ட் சீட்டில் மாட்டியிருந்தால் சீட்டின் எடையைப் போல 20 மடங்கு விசையும் சேரும். ஒரு பக்கம் மட்டும் பூட்டும் மலிவான ஸ்லைடரை அந்த நிலையில் நினைத்துப் பாருங்கள். பக்கிள் இருக்கும் உட்பக்கம் பூட்டாமல் கிடந்தால் சீட்டே முறுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் பூட்டும் ஸ்லைடர் இல்லையென்றால் இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது, கியர்பெட்டி டனலில் (இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் உயர்ந்து ஓடும் மேடு) தகடு வைத்து வெல்டிங் செய்வது. இழுப்பு நேராகக் காரின் உடலுக்குப் போகும்; ஸ்லைடருக்குப் பெல்ட்டின் பாரமே இல்லை. ஆனால் டனல் வெறும் மெல்லிய தகரம். பந்தயக் கார்களில் புதிதாக வைக்கும் பெல்ட் பிடிப்புக்கு எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) கேட்பது குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 40 சதுர செ.மீ. பரப்பும் உள்ள எஃகுத் தகடு. சாலைக் காருக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். நட்டு 7/16 அங்குல யு.என்.எஃப். (நெருக்கமான அங்குலப் புரி) புரியாக இருக்கட்டும், பெல்ட் போல்ட்டுகளின் வழக்கமான அளவு அதுதான். பிரிட்டனின் வருடாந்திர எம்.ஓ.டி. வாகனத் தகுதிச் சோதனையில் பிடிப்பைச் சுற்றி 30 செ.மீ. வரை துரு பார்ப்பார்கள், அதனால் வெல்டிங் செய்த இடத்துக்குப் பெயின்ட் பூச மறக்காதீர்கள்.

இதன் குறை கோணம்தான். பக்கிள் அங்கேயே நிற்கும், சீட் நகரும். அந்த ஐ.நா. விதிமுறைப்படி முன்சீட்டில் பக்கிள் பக்கத்தில் பெல்ட் கிடைமட்டத்தோடு செய்யும் கோணம் 45 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்குக் குறைந்து படுத்தால் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றில் ஏறும்.

மூன்றாவதும் ஒன்று உண்டு: துளை போட்டு, பெரிய வாஷர் வைத்து, போல்ட் முடுக்குவது. சரி, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? தகரம் கிழியும், அவ்வளவுதான்.

ஒருவரே ஓட்டும் கார், சீட்டையும் நகராதபடி பொருத்தப் போகிறீர்கள் என்றால் நான் டனலைத்தான் சொல்வேன். அப்புறம், தகடு வைக்கும் இடத்தைக் குறிக்கும் முன் சீட்டைப் பொருத்தி, உட்கார்ந்து, பெல்ட்டைக் கையால் இழுத்துப் பிடித்துப் பாருங்கள். பக்கெட் சீட்டின் உயரமான விளிம்பு பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து, இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி விட்டால், சீட்டை மாற்றுங்கள்.