சீனி வருத்தத்தில் கால் எடுத்த பிறகு: வீல் செயாரா, வோக்கரா, ஊன்றுகோலா?

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிள்ளைகள் அந்தரப்பட்டு ஒரு வீல் செயாரைத் தேடிப் பிடிப்பார்கள். அது கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு. மூன்று மாதம் கழித்துச் செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போகும்போதுதான் முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போனது தெரியவரும். இன்னும் சில வீடுகளில் "நடந்தாத்தான் தேறும்" என்று வோக்கரைக் கொடுத்து நாள் முழுக்கக் குதிக்க விடுவார்கள். அங்கே மற்றப் பாதத்தில் கொப்புளம் வந்து, ஆள் அதே வார்ட்டுக்குத் திரும்புவார்.

இங்கே பேசுவது சீனி வருத்தத்தால் பாதம் கறுத்தோ கிருமி ஏறியோ முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களைப் பற்றி. முழங்காலுக்கு மேலே எடுத்திருந்தால் கணக்கு வேறு. வெட்டியபின் மிஞ்சியிருக்கும் பகுதியை வார்ட்டில் ஸ்டம்ப் என்பார்கள். இங்கே குறைக்கால் என்று எழுதுகிறோம்.

மூன்று சாமானையும் நாலு கேள்வியால் அளக்கலாம். குறைக்காலின் முழங்கால் நேராக நிற்குமா? நல்ல பாதத்தில் எவ்வளவு பாரம் விழும்? நெஞ்சு தாங்குமா? வீடும் வளவும் இடம் கொடுக்குமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கடைசிக் கேள்விதான் பல வீடுகளில் தீர்ப்பைச் சொல்கிறது. அதைக் கடையில் யாரும் கேட்பதில்லை.

வீல் செயார்

நல்ல பாதத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு இல்லை. நெஞ்சு வருத்தமும் சேர்ந்தவர்களுக்கு, இன்னொருவர் தள்ளிப்போனால் இளைப்பும் இல்லை. சீனியால் பாதம் விறைத்துப்போனவருக்கும், அந்தப் பாதத்தில் ஏற்கெனவே புண் உள்ளவருக்கும் முதல் மூன்று வாரம் இதுதான் சரி.

கெடுதல் முழங்காலுக்கு. கதிரையில் இருக்கும்போது குறைக்கால் கீழே தொங்கும். வீக்கம் இறங்காது, முழங்காலுக்குப் பின்னால் உள்ள தசைநார் சுருங்கும். 25 பாகைக்கு மேல் மடங்கி இறுகிவிட்டால் செயற்கைக் கால் பொருத்துவது பெரும்பாடு. இதற்குப் பரிகாரம் மலிவானது. முக்கால் அங்குலப் பிளைவூட் பலகை ஒன்றைச் செயார் மெத்தைக்குக் கீழே செருகி, குறைக்காலின் நுனி வரை நீளும்படி வெட்டுங்கள். நீட்டிய பகுதிக்கு மேல் ஓர் அங்குலப் பஞ்சு வைத்துத் துணியால் கட்டுங்கள். குறைக்கால் அதன்மேல் நேராகக் கிடக்கும். ஆஸ்பத்திரியில் இரவல் தரும் செயார்களில் பெரும்பாலும் இந்தப் பலகை இராது. கேட்டால் பிசியோ (உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவர்) அளவு சொல்லித் தருவார்.

அடுத்தது கதவு. 18 அங்குல இருக்கை உள்ள சாதாரண செயார் வெளிப்புறம் 25, 26 அங்குலம் அகலம். நேராக நுழைய 28 அங்குலம் தெளிவாக வேண்டும். திரும்பி நுழைய 32. அறைக்கதவு பெரும்பாலும் சமாளிக்கும், குளியலறைக் கதவுதான் மறிக்கும். வாங்கமுன் அளவு நாடாவோடு வீட்டை ஒரு சுற்று சுற்றுங்கள்.

வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்திக் கட்டிய வீடுகளில் சறுக்குப்பாதை பெரிய தலையிடி. ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு. வாசற்படி ஒன்றரை அடி என்றால் 18 அடி நீளம் வேண்டும். ஆறடியில் பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறும்போது செயார் பின்பக்கம் குடைசாயும். ஒரு கால் இல்லாததால் முன்பக்கப் பாரம் குறைந்துவிட்டது என்பது காரணம். நீளத்துக்கு இடமில்லாவிட்டால், இரண்டு பேர் செயாரைப் பின்புறமாகத் திருப்பி ஒவ்வொரு படியாக ஏற்றுவது மேல்.

பிறகு மண். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, திருக்கோவில் எனக் கடலோர வளவெல்லாம் மணல். முன்சில்லு சின்னது, புதையும். இழுத்துப் போகவேண்டுமானால் செயாரைத் திருப்பிப் பெரிய சில்லு முன்னே போகும்படி பின்பக்கமாக இழுங்கள். வாசலில் இருந்து கேற் வரை மூன்றடி அகலத்தில் கொங்கிறீற் கல் பதிப்பது நிரந்தர வழி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கோடையில் பிரச்சினை குறைவு. மாரி தொடங்கினால் களிமண் சில்லில் அப்பி, பிறேக் பிடிக்காமல் போகும். வீட்டுக்குள் வந்ததும் கழுவித் துடையுங்கள்.

வோக்கர்

நாலு காலும் தரையில் நிற்கும் சில்லில்லாத அலுமினிய வோக்கரைச் சொல்கிறோம். முன்காலில் சில்லு பூட்டியது ஒற்றைக் காலில் குதிப்பவருக்கு ஆபத்து. குதிக்கும் நேரத்தில் முன்னால் ஓடிவிடும்.

உயரம்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்புக்கு நேரே கைப்பிடி வரவேண்டும். பிடித்தால் முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கும். தாழ்வாக இருந்தால் கூன் விழும், உயரமாக இருந்தால் கையால் பாரம் எடுக்க ஏலாது. முதலில் வோக்கரை ஒரு சாண் முன்னே வைத்து, நாலு காலும் தரையில் பட்டதா என்று பார்த்து, கையை ஊன்றி, பிறகு சின்னதாக ஒரு துள்ளல். வோக்கரின் முன்கம்பி வரை துள்ளினால் பின்னால் விழுவீர்கள்.

குறைக்கால் தொங்கினாலும் நின்று நடப்பதால் இடுப்பும் முழங்காலும் நீளும் வாய்ப்பு உண்டு. அது நன்மை. தீமை முழுக்க நல்ல பாதத்தில். ஒவ்வொரு துள்ளலிலும் உடம்பின் முழுப் பாரமும் அந்த ஒற்றைப் பாதத்தில் அடிக்கிறது. விறைத்த பாதம் வலியைச் சொல்லாது. ஆகவே வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு துள்ளக்கூடாது. மென்மையான மைக்ரோசெலுலர் ரப்பர் அடியுள்ள, பின்பட்டி போட்ட செருப்பு வேண்டும். விரலிடுக்கில் வார் வரும் பாட்டா கூடாது. ஒரு நாளில் கட்டிலில் இருந்து கதிரை, கதிரையில் இருந்து கக்கூஸ், அவ்வளவுக்கே வோக்கர். இரவில் நல்ல பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு, சூடு, கொப்புளம் ஏதும் தெரிந்தால் மறுநாள் துள்ளல் நிற்கவேண்டும்.

மணலில் வோக்கரின் நாலு காலும் நாலு ஆழத்தில் இறங்கும். வீட்டுக்கு வெளியே அதை எடுக்காதீர்கள்.

ஊன்றுகோல்

கமக்கட்டில் வைக்கும் சோடி ஊன்றுகோல் மலிவு, ஒடுங்கிய இடத்தில் போகும், படி ஏறும், ஓட்டோவுக்குள் அடங்கும். வெளிவேலைக்குப் போகவேண்டிய ஐம்பது வயதுக்காரருக்கு வேறு வழியில்லை. ஆனால் மூன்றிலும் அதிகம் விழுத்துவதும் இதுதான், நெஞ்சை அதிகம் இளைக்கவைப்பதும் இதுதான். செயற்கைக் கால் போட்டு நடப்பதைவிட, அது இல்லாமல் ஊன்றுகோலில் ஒற்றைக்காலால் நடக்க உடம்புக்குக் கூடுதல் சக்தி வேண்டும். சீனியோடு நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோகாமலேயே மாரடைப்பு வரலாம். பத்தடி நடந்ததும் வியர்த்து மூச்சு முட்டினால் அதைப் பயிற்சிக் குறைவு என்று எண்ணாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள்.

தகுதியை வீட்டிலேயே சோதிக்கலாம். கையுள்ள கதிரையில் இருந்து யாரும் தூக்காமல் எழும்ப ஏலுமா? வோக்கரைப் பிடித்தபடி நல்ல காலில் அரை நிமிடம் ஆடாமல் நிற்க ஏலுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் பிசியோவிடம் ஊன்றுகோல் கேளுங்கள்.

மேல் மெத்தைக்கும் கமக்கட்டுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரம் உள்ளங்கையில். கமக்கட்டில் சாய்ந்து தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, சில வாரத்தில் மணிக்கட்டு தூக்க ஏலாமல் விழும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல் முதலில். நுனியில் உள்ள ரப்பர் மூடியைக் கிழமைக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மணல் புகுந்தோ தேய்ந்தோ இருந்தால் மினுக்கிய சிவப்புச் சீமெந்துத் தரையில் ஒரு துளி தண்ணீர் போதும்.

எதை எப்போது

எங்கள் தீர்ப்பு: வீல் செயாரை இரவல் வாங்குங்கள், வோக்கரைச் சொந்தமாக வாங்குங்கள், ஊன்றுகோலுக்கு அவசரப்படாதீர்கள். செயார் தூரத்துக்கும் கிளினிக்குக்கும் தேவை, சில மாதத்துக்குத்தான். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். கிளினிக் கொப்பியின் பிரதியைக் கொண்டுபோங்கள். வோக்கர் உயரம் ஆளுக்கு ஆள் மாறும்; செயற்கைக் கால் வந்தபின்னும் முதல் நடைக்கு அதுதான் துணை. குறைக்காலோடு மற்றக் காலிலும் புண் இருந்தால் வோக்கரையும் தள்ளிவைத்து, கட்டிலும் செயாரும் ஒரே உயரத்தில் இருக்கும்படி செய்து, இரண்டுக்கும் நடுவே பலகை வைத்து நகர்ந்து ஏறப் பழக்குங்கள்.

எதை வாங்கினாலும் முழங்காலுக்கான வேலை ஒன்றே. முழங்காலின் கீழ் தலையணை வைக்கவே கூடாது. அது சுகமாக இருக்கும், கெடுதலும் அதிலேதான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, 20 நிமிடம் குப்புறப் படுக்கவேண்டும். மூச்சு முட்டுபவர்கள் மல்லாந்து தட்டையாகப் படுக்கலாம். முழங்காலைக் கட்டிலோடு அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை, நாளுக்கு நாலு வேளை.

கக்கூஸ்: துளை வெட்டிய கதிரையா, கொமட் செயாரா

விழுவது அதிகமும் இங்கேதான். குந்தும் கக்கூஸ் உள்ள வீடுகளில் பிளாஸ்டிக் கதிரையின் நடுவே துளை வெட்டி வைப்பது வழக்கம். மலிவு, ஆனால் துளை வெட்டியபின் இருக்கையின் பலம் போய்விடுகிறது. ஈரத் தரையில் கால்கள் அகன்று வெடிக்கும். அப்படித்தான் செய்வதென்றால் இரண்டு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வெட்டுங்கள், கையுள்ள கதிரையாக இருக்கட்டும், ஆளின் நிறை 60 கிலோவுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். இரும்புக் கொமட் செயார் உறுதி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரவில் கட்டிலோரம் வைக்கலாம். உப்புக் காற்றில் கால்களின் உள்ளே துருப்பிடிக்கும் என்பதை மட்டும் கவனியுங்கள். கக்கூஸ் வளவின் கோடியில் இருந்தால் இரவுக்கு யூரின் போத்தல் கட்டாயம். தூக்கக் கலக்கத்தில் கால் இல்லாததை மறந்து எழும்பி நேரே குறைக்காலில் விழுவார்கள். தையல் பிரிந்து மீண்டும் சத்திரசிகிச்சைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான். கால் இருப்பதுபோன்ற உணர்வு இயல்பு. அந்த இடத்தில் எரிவும் வலியும் தூக்கத்தைக் கெடுத்தால் மருந்து உண்டு, கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிரேப் பண்டேஜா, இறுக்கும் சொக்ஸா

தையல் பிரிக்கும் வரை, சீனி வருத்தக்காரருக்கு அது மூன்று வாரமும் ஆகலாம், 4 அங்குலக் கிரேப் பண்டேஜ்தான். எட்டு வடிவில் குறுக்கும் மறுக்கும் சுற்றவேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு. வளையம் வளையமாகச் சுற்றினால் கயிறு கட்டியதுபோல் இரத்தம் தடைப்பட்டு நுனி வீங்கும். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றித் திரும்பச் சுற்றுங்கள். இரண்டு வாங்கி மாறி மாறித் தோயுங்கள். முறுக்கிப் பிழியாமல், கொடியில் தொங்கவிடாமல், நிழலில் பரப்பி உலரவிட்டால் இழுவை போகாது. சொக்ஸ் போடச் சுலபம், சுற்றத் தெரியாத வீட்டுக்கு நல்லது. ஆனால் காயம் முழுக்க மூடியபின், பிசியோ சொன்னபின். வீக்கம் வடிந்ததும் சின்ன அளவு வாங்கவேண்டி வரும்.

தையல் ஓரம் கறுத்தாலோ, மணத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள், 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

காயம் ஆறும்வரை மீன், முட்டையை நிறுத்தும் பத்தியம் இங்கே இன்னும் உண்டு. புதுத் தசை புரதத்தில்தான் வளரும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் டொக்டரிடம் அளவு கேட்கவேண்டும். இன்னொன்று, கிருமி ஏறிய காலை எடுத்தபின் பலருக்குச் சீனி சடாரென்று இறங்கும். பழைய அளவு இன்சுலினே தொடர்ந்தால் விடியப்புறம் 70 mg/dLக்குக் கீழே போய், தலைசுற்றி விழுவார்கள். இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். அளவை நீங்களாகக் குறைக்காமல் அந்த எண்களைக் கொப்பியில் எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

செயற்கைக் கால் வரும்போது

காயம் நன்றாக ஆறி வீக்கம் வடிந்தபின், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு கிழமையில் அளவெடுப்பார்கள். 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் பாதம் வெறுங்காலோடு நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தவும் என்றே செய்யப்பட்டது. வயல் வேலைக்காரருக்கும் கோயிலுக்கு, பள்ளிவாசலுக்குப் போகிறவருக்கும் அது பொருந்தும். கணுக்கால் அசையாத ரப்பர் பாதம் சப்பாத்துக்குள் போடவே நல்லது, நிறை குறைவு. பாதத்தைப்பற்றி நிறைய விசாரிப்பார்கள். உண்மையில் தொல்லை தருவது குறைக்கால் நுழையும் கூடுதான். முதல் நாள் 15 நிமிடம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் அடுத்த நாள் நேரத்தைக் கூட்டலாம், மறையாவிட்டால் கூட்டைத் திருத்தவேண்டும். குறைக்கால் ஒரு வருடம்வரை சுருங்கிக்கொண்டே இருக்கும். தளர்வை நிரப்ப ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஐந்து சொக்ஸ் போடவேண்டி வந்தால், புதுக் கூட்டுக்குப் பதிவு செய்யும் நேரம் வந்துவிட்டது.