யூதிஃப்ரோ: சின்ன நூல், பெரிய கேள்வி

மத ஒழுக்கத்துக்கும் தத்துவ அறவியலுக்கும் எங்கே முடிச்சு விழுகிறது என்று பார்க்க, பிளேட்டோவின் இந்த உரையாடலைவிட நல்ல தொடக்கம் குறைவு. ஒரே அமர்வில் வாசித்துவிடலாம்.

கூலியாளின் சாவுக்காகத் தன் தந்தை மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கிறார் யூதிஃப்ரோ. புனிதம் எது என்று சாக்ரடீஸ் கேட்க, தான் இப்போது செய்வதுதான் என்கிறார். அது எடுத்துக்காட்டு, வரையறை இல்லை என்கிறார் சாக்ரடீஸ். தெய்வங்களுக்குப் பிடித்தது என்கிறார் அடுத்து யூதிஃப்ரோ. தெய்வங்களே சண்டை போடுகின்றனவே என்று மடக்குகிறார் சாக்ரடீஸ். எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது என்று திருத்தியதும் நூலின் உயிரான கேள்வி வருகிறது: புனிதமானதால் விரும்புகின்றனவா, விரும்புவதால் புனிதமா?

10ஏ முதல் 11பி வரை (பதிப்பின் ஓரத்தில் இருக்கும் பக்க எண்கள் இவை) நிதானமாக, இரண்டு முறை படியுங்கள். ஒருவர் சுமப்பதால்தான் பொருள் 'சுமக்கப்படுவது' ஆகிறது என்ற வாதத்தைத் தாண்டிப் போனால் மீதி புரியாது.

பலர் இதைக் கடவுள் மறுப்பாக வாசிக்கிறார்கள். அது தவறு. கடவுளின் கட்டளைதான் அறத்துக்கு அடிப்படையா என்பதே சிக்கல். நன்மை கடவுளின் இயல்பிலேயே இருக்கிறது என்று இறையியலாளர்கள் பதில் வைத்திருக்கிறார்கள். அந்த இயல்பு ஏன் நல்லது என்று கேள்வி ஒரு படி நகர்கிறது, அவ்வளவுதான்.

கடைசிப் பகுதி சற்றே தொய்வு. முடிவான விடையும் கிடைக்காது. வாங்கும்போது ஓரத்தில் ஸ்டெஃபானஸ் பக்க எண்கள் (மேலே சொன்ன 10ஏ போன்றவை) உள்ள பதிப்பாகப் பாருங்கள். இல்லையென்றால் உரைநூல்களோடு ஒப்பிட முடியாது.