முடியைத் தொட்டாலே வலிக்கிறதா? ஷாம்பு, எண்ணெய், ஒத்தடம், மாத்திரை: எது எந்த வலிக்கு

சீப்பு பட்டால் சுரீர் என்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் தலையணை படும் இடம் நோகிறது. காலையில் கட்டிய முடியை மாலையில் அவிழ்த்தால், வேர் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலிக்கிற மாதிரி இருக்கிறது. இதைத் தலைவலி என்று சொன்னால் கேட்பவருக்கு விளங்குவதில்லை. மண்டைக்குள் ஒன்றும் இல்லை, மேல்தோல்தான் வலிக்கிறது.

இந்த வலியோடு நான் எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். அதற்குள் நான்கு ஷாம்பு மாற்றியாயிற்று. கடைசியில் பார்த்தால் ஷாம்புவுக்கும் என் வலிக்கும் சம்பந்தமே இல்லை. உச்சியில் இறுக்கிப் போட்ட கொண்டைதான் காரணம். அதனால் ‘எந்த ஷாம்பு நல்லது’ என்று யாராவது கேட்டால், வலி எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். அது தெரியாமல் எதை எதோடு ஒப்பிட்டாலும் பிரயோஜனமில்லை.

முடிக்கு உணர்வு கிடையாது. அதன் வேர்க்காலைச் சுற்றி நரம்பு பின்னிக் கிடக்கிறது, வலியை அறிவது அதுதான். தலையின் முன்பாதிக்கு வரும் நரம்பு, முகத்துக்கு உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் கிளை. பின்பாதிக்கு வருவது கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து ஏறும் நரம்புகள். ஆகவே வலி தோலில் கிளம்பலாம், வேரை இழுப்பதால் வரலாம், கழுத்திலோ நரம்பிலோ பிறந்து தோலில் வந்து தெரியலாம்.

பிரித்தறிய ஒரு சுலபமான வழி இருக்கிறது. வலிக்கும் இடத்தில் வகிடு பிரித்து, கைப்பேசியில் ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். வலிக்காத இடத்தில் இன்னொன்று. இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு, செதில், பரு, கசிவு ஏதாவது தெரிந்தால் பிரச்சினை தோலில். இரண்டும் ஒரே மாதிரி சுத்தமாக இருந்தால் ஷாம்பு அலமாரியை விட்டு நகர்ந்துவிடலாம்.

மருந்து ஷாம்புவா, எண்ணெயா?

தோலில் செதிலும் சிவப்பும் இருப்பவர்களுக்கு இந்தப் போட்டி. பெரும்பாலும் இது பொடுகின் முற்றிய வடிவமான செபோரிக் டெர்மடைட்டிஸாக இருக்கும். எல்லார் தலையிலும் வாழும் மலாசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அந்த ஈஸ்ட்டுக்குத் தீனியே தோல் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான். வறண்டதால்தான் செதில் உதிர்கிறது என்று நினைத்து மேலும் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டால், பல சமயம் அதற்கு விருந்து வைத்த கதையாகிவிடும். தேய்த்த அன்று இதமாக இருக்கும், நாலு நாள் கழித்து அரிப்பு கூடும். இந்த நோய்க்கு என் ஓட்டு சந்தேகமில்லாமல் ஷாம்புவுக்குத்தான்.

ஷாம்புகளுக்குள் கீட்டோகோனசோல் 2% நேராக ஈஸ்ட்டைத் தாக்கும். வாரம் இரண்டு முறை, இரண்டிலிருந்து நான்கு வாரம் என்பது வழக்கமான கணக்கு. ஜிங்க் பைரிதியோனும் செலினியம் சல்ஃபைடும் அதே வேலையைச் செய்யும். லேசான பொடுகுக்கு ஜிங்க் போதும். செலினியம் சிலருக்கு முடியின் நிறத்தைக் கொஞ்சம் மாற்றும், குறிப்பாக வெளிர் நிற முடியையும் சாயம் பூசிய முடியையும். சாலிசிலிக் அமிலம் செதிலைக் கழற்றும், ஆனால் ஏற்கெனவே புண்ணாகி எரியும் தோலில் பட்டால் எரிச்சல் கூடும்.

எதை எடுத்தாலும் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்றுதான்: நுரை வந்தவுடன் அலசிவிடுகிறார்கள். மருந்து தோலில் மூன்று முதல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். முடியின் நுனியில் அல்ல, விரல் நுனியால் வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் படும்படி. நகம் படக்கூடாது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பே போதும்.

எண்ணெய்க்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சொரியாசிஸ் என்ற தோல் நோயில் வெள்ளிப் பளபளப்போடு கெட்டியான செதில் அப்பியிருக்கும், நெற்றி எல்லையைத் தாண்டியும் வரும். அதைப் பிய்த்தால் ரத்தம் கசியும். சில மணி நேரம் எண்ணெயில் ஊறவைத்து இளக்கினால் வலியில்லாமல் கழன்று வரும், மேலே போடும் மருந்தும் உள்ளே இறங்கும். அந்த மருந்தை மருத்துவர்தான் தர வேண்டும். அதாவது இங்கே எண்ணெய் மருந்துக்கு வழிவிடும் துணை மட்டுமே.

புதிதாக வாங்குவதா, இருப்பதை நிறுத்துவதா?

நாம் எல்லாரும் வாங்குவதைத்தான் முதலில் செய்கிறோம். என் அனுபவத்தில் நிறுத்துவதே பெரிய வைத்தியம்.

டை அடித்து ஒன்றிரண்டு நாளில் தலை எரிந்து, நெற்றி ஓரமும் காதும் தடித்தால் பிபிடி என்கிற பாராஃபினைலின்டையமீன் ஒவ்வாமையைச் சந்தேகிக்க வேண்டும். கறுப்பு டைகளில் பரவலாக இருக்கும் பொருள் இது. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பது சமாதானம் ஆகாது. ஒவ்வாமை எத்தனையாவது முறை போடும்போதும் தொடங்கலாம். ஷாம்புவில் இருக்கும் வாசனைப் பொருளும், மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகளும் இதே வேலையைக் காட்டும். எது என்று உறுதியாகத் தெரிய தோல் மருத்துவரின் பேட்ச் டெஸ்ட் வேண்டும். முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், மறுபடியும் ஒருமுறை பார்ப்பார்கள். முடி வளர மினாக்சிடில் போடுபவர்களுக்கு எரிந்தால், திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம். நுரை வடிவத்தில் அது இருப்பதில்லை, மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் இழுவை. இறுக்கிய கொண்டை, உச்சிக் குதிரைவால், நெருக்கிப் போட்ட பின்னல், நாள் முழுக்கத் தலைக்கவசம், மண்டையை அமுக்கும் ஹெட்ஃபோன். கட்டை அவிழ்த்த ஒரு மணி நேரத்துக்குள் வலி குறைந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. நான் செய்தது இவ்வளவுதான்: ரப்பர் பேண்டை விட்டுத் துணி பேண்டுக்கு மாறினேன், கட்டைப் பிடரிக்கு இறக்கினேன், வகிடை நாளுக்கு ஒரு பக்கம் மாற்றினேன். முதல் சில நாள் புது வகிடும் வலித்தது. இரண்டாம் வாரத்தில் சீப்பை யோசிக்காமல் எடுத்தேன். வலியைப் பொறுத்துக்கொண்டே வருடக்கணக்கில் இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்து முடி போகும். தொடக்கத்தில் விட்டால் திரும்ப வளரும், வேர் தழும்பானபின் வளராது.

குளிர்ச்சியா, சூடா?

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வலி வரும்போது தோலும் கூசும். தலை சீவ முடியாது, கண்ணாடி போட முடியாது. இவர்களுக்குக் குளிர்ச்சி. பனிக்கட்டியைத் துண்டில் சுற்றி 10 நிமிடம், நேராகத் தோலில் வைக்காமல். மாறாக, நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்துப் பிடரி இறுகி, அங்கிருந்து வலி ஏறினால் சூடுதான் கேட்கும். தோல் சிவந்து அரித்தால் சூடு வேண்டவே வேண்டாம். மசாஜுக்கும் இதே கணக்கு: இறுகிய தசைக்குச் சுகம், புண்பட்ட தோலுக்குக் கேடு.

மாத்திரை

சாதாரண வலி மாத்திரை அவ்வப்போது உதவும். மைக்ரேன்காரர்கள் வலி முற்றும்வரை காத்திராமல், மருத்துவர் தந்ததைத் தொடக்கத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும். ஆனால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வலி மாத்திரை தொடர்ந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். பிடரியிலிருந்து உச்சிக்கு மின்சாரம் பாய்ந்த மாதிரி விட்டுவிட்டு வெட்டினால் ஆக்ஸிபிடல் நியூரால்ஜியா என்ற நரம்புவலியாக இருக்கலாம். அதற்கு வலி மாத்திரையைவிட, நரம்பருகே போடும் மரப்பு ஊசி நன்றாகக் கேட்கும்.

முடி கொட்டும் காலத்தில் தோல் சுத்தமாக இருந்தும் வேர் வலிப்பதற்கு ட்ரைக்கோடினியா என்று பெயர். கடும் காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டும்போது பலர் இதைச் சொல்வார்கள். மனக்கவலை இதைக் கூட்டும், ஆனால் கற்பனை இல்லை. கொட்டுவது அடங்கும்போது பலருக்கு வலியும் அடங்குகிறது.

ஒப்பிட்டுக்கொண்டு உட்காரக் கூடாத வலிகள்

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைத்தோல் வலி, நெற்றிப்பொட்டில் நோவு, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது ஜெயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும், போனது பெரும்பாலும் திரும்பாது. தலையின் ஒரு பாதியில் மட்டும் எரிந்து பிறகு கொப்புளம் கிளம்பினால் அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது, கண்ணருகே வந்தால் இன்னும் அவசரம். குழந்தைக்கு வட்டமாக முடி உடைந்து செதில் இருந்தால் அது பூஞ்சைப் படை. அதற்கு வாய்வழி மருந்து தேவை, ஷாம்பு மட்டும் போதாது.

மருத்துவரிடம் போகிற அன்று தலையைத் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகாதீர்கள், செதில் இருந்தால்தான் அவருக்குத் தெரியும். வீட்டில் தலைக்குப் போடும் எல்லாப் பாட்டில்களின் பின்பக்கத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். முடியை வழக்கமாகக் கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டு போங்கள். என் கொண்டையை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்ட அந்த மருத்துவர்தான் எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சரியான கேள்வியைக் கேட்டார்.