தபசுகாலத் தியானம், தலைப்பு மன்னிப்பு: போகலாமா?

கிளிநொச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குக் கோயில் ஒன்றில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில் நடந்த ஒருநாள் தியானத்துக்குப் போய் வந்தேன். எப்படி இருந்தது என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். காலை அமர்வு ஒன்றுக்காகவே போகலாம். மத்தியானத்துக்குப் பிறகு நடந்ததில் சிலதைத் திருத்தத்தான் வேண்டும்.

காலையில் பாதர் எடுத்தது மத்தேயு 18, கடன்பட்ட வேலைக்காரனின் கதை. எல்லாரும் கேட்டுக் கேட்டுப் பழகினதுதான். ஆனால் அவர் சோக்கை எடுத்துப் பலகையில் கணக்கே போட்டார். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒருநாள் கூலி, அப்படியென்றால் அரசன் விட்டுக்கொடுத்த 10,000 தாலந்து 6 கோடி நாள் கூலி. வழக்கமாகப் பிரசங்கம் இதோடு முடிந்துவிடும். இவர் மற்றக் கடனையும், அதாவது அந்த வேலைக்காரனுக்கு இன்னொரு வேலைக்காரன் கொடுக்க வேண்டியிருந்த, அவன் விட்டுக்கொடுக்காத கடனையும் எழுதினார்: 100 தெனாரியம், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. "இதுவும் சின்னக் காசில்லை, கூலிக்குப் போறவனுக்கு இது பெரிய இழப்பு. உங்களுக்கு நடந்தது சின்ன விசயம் எண்டு இயேசு எங்கையும் சொல்லேல்லை" என்றார். அதுவரை விசிறிக்கொண்டிருந்த ஆட்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி நேரத்தில் பின் வாங்கிலிருந்து ஓர் அம்மா எழும்பினார். "பாதர், ஆரெண்டே தெரியாதவனை நான் எப்பிடி மன்னிக்கிறது?" அவ்வளவுதான் கேட்டார். 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கந்தசுவாமி கோயிலடியில் போராட உட்கார்ந்த ஊர் இது, அந்தக் கேள்விக்கு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாதர் உடனே வாய் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார், அதுவே எனக்குப் பிடித்தது. அப்புறம் லூக்கா 23க்குப் போனார். சிலுவையில் இயேசு "நான் உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லவில்லை, இவர்களை மன்னியும் என்று தந்தையிடம்தான் கேட்டார். "உங்களால இப்ப ஏலாட்டி நீங்களும் அவரிட்டையே விடுங்கோ அம்மா. பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு கேக்கிறது பாவமில்லை, அதை நிப்பாட்ட வேண்டாம்." வன்னியில் மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் இப்படித்தான் பேச வேண்டும், பேசாமல் போனவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

பைபிளில் வரும் வரி வசூலிக்கிற சக்கேயுவை வைத்து நடந்த சின்ன அமர்வும் நல்லது. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னதை வைத்து, எல்லை வேலிக் கதியாலைத் தள்ளிப் போட்டவர் பாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, கதியாலைப் பழைய இடத்துக்கு எடுக்க வேண்டும் என்றார் பாதர். மீள்குடியேறிய பிறகு காணி எல்லையால் முகம் பார்க்காத சகோதரங்கள் எத்தனை பேர்!

இனிக் குறைகள். சாப்பாட்டுக்கு முன் பேசிய ஒரு பிரசங்கியார், மன்னிக்காதவர்களுக்குத்தான் நோய் வருத்தம் வருகிறது, நடந்ததை மறந்தால் சுகம் கிடைக்கும் என்று சத்தமாகச் சொன்னார். இதை நான் ஏற்கவே மாட்டேன். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவன் செய்ததுமில்லை, பெற்றோர் செய்ததுமில்லை என்று யோவான் 9இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவும் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், எனக்கு நெஞ்சு பதறியது.

பின்னேரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் பாதர்மார் போதவில்லை, வரிசை வாசல்வரை நின்றது. காலை முழுக்க மனதைத் திறக்கச் சொல்லிவிட்டு, திறக்கும் நேரத்தில் "கெதியா, கெதியா" என்று அனுப்பினால் எப்படி? அருகிலேயே காத்திருப்பவர்களுக்குப் பேச்சுக் கேட்கிறது, அதையும் கவனிக்க வேண்டும்.

மற்றபடி கட்டணம் இல்லை, விரும்பினால் காணிக்கை போடலாம். மத்தியானம் கஞ்சியும் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் தந்தார்கள், வயிறு நிறைந்தது. தகரக் கூரை என்பதால் வெக்கை அதிகம், தண்ணீர்ப் போத்தலும் விசிறியும் கொண்டுபோங்கள். முழங்கால் ஏலாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் கதிரை வைத்துத் தருகிறார்கள். ஒழுங்கு செய்கிறவர்கள் இதை வாசித்தால், அடுத்த தபசுக்கும் அதே பாதரையே காலையில் பேச விடுங்கள், பாவசங்கீர்த்தனத்துக்குப் பக்கத்துப் பங்குகளிலிருந்து இன்னும் சில பாதர்மாரைக் கூப்பிடுங்கள்.